ஓடிருவேன் சார்

இண்டர்வியூவுக்கு ஆள் தயார் செய்கிறவன் பிழைப்பு, அடுத்தவர் வாழ்க்கைக்கு நல்ல முடிவு எழுதிக் கொடுக்கிற பிழைப்பு. கால் சென்டர்கள் ஆள் தேடி அலைந்த வருஷங்களில், சிவகாசியில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் அதைத்தான் செய்ய ஆரம்பித்தேன். பாடம் நடத்திப் பாடுபட்டவர்களுக்கு என் பாடு புரியும்.

ஒரே பதில்

"வேலை செய்யும் இடத்தில் திடீரென்று சிக்கல். முதலில் என்ன செய்வீர்கள்?" கம்பெனிக்காரர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. பதற மாட்டேன், கூட இருப்பவர்களோடு கலந்து பேசுவேன் என்று சொல்ல வேண்டும். முதல் வகுப்பில் இருபது பேரைக் கேட்டேன். இருபது பேரும் "ஓடிருவேன் சார்" என்றார்கள். எல்லோரும் லீவு நாளில் பட்டாசு ஆலைக்குப் போய் வளர்ந்தவர்கள். எனக்கோ எரிச்சல். ஓடுகிறவனுக்கு எவன் வேலை தருவான் என்று கத்தினேன். சாத்தூர் முருகன் எழுந்து நின்றான். "வெடிமருந்து ரூமுக்குள்ள கலந்து பேச ஏது சார் நேரம்? வாசலப் பாத்துத்தான் உக்காரணும்னு மொத நாளே சொல்லிருவாக."

நான் எழுதிய முடிவு

விஸ்வநத்தம் செல்வி பி.காம். முடித்தவள். வேலை கிடைக்காவிட்டால் சீசனுக்கு மறுபடி ஆலைக்குத்தான் போக வேண்டும். அவள் அம்மா செத்த அதே ஆலைக்கு. 'நீங்கள் சமாளித்த கஷ்டமான சூழ்நிலை' என்ற கேள்விக்கு அந்தத் தீ விபத்தைத்தான் சொன்னாள். "ஓடிரு தாயி" என்று அம்மா கத்தியிருக்கிறாள், இவள் ஓடியிருக்கிறாள். திரும்பிப் பார்த்தபோது ஷெட் இல்லை.

நான் செய்ததை நினைத்தால் இன்றும் கூசுகிறது. சமாளித்த மாதிரி இல்லையே என்று சொல்லி முடிவை மாற்றினேன். நீ உள்ளே போய் அம்மாவை வெளியே இழுத்து வந்தாய் என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரம் சொல்லிப் பார்த்தாள். தப்பே இல்லாமல் வந்த பிறகும் நிறுத்தவில்லை. போதும்மா, வீட்டுக்குப் போ என்றேன். "இன்னொரு தடவ சொல்லிக்கிறேன் சார். சொல்லும்போதெல்லாம் அம்மா வெளிய வந்துர்றாக."

எழுதாத பதில்

மதுரையில் இண்டர்வியூ. அவள் சொன்னதைக் கேட்டு அங்கிருந்த மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டதாம். அக்கறையாக இன்னொன்றும் கேட்டிருக்கிறார். செல்வி அழுதுகொண்டே எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாள் மாடிக்கு வந்து, நான் எழுதிக் கொடுத்த தாளைத் திருப்பித் தந்தாள். ஆலை வேனுக்கு நேரமாகிவிட்டது என்று உட்காரவும் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "அம்மா இப்ப எப்பிடி இருக்காகன்னு கேட்டாக சார். அதுக்கு நீங்க ஒண்ணும் எழுதித் தரலையே."

இப்போதெல்லாம் ஓடிருவேன் என்கிறவர்களுக்கு முழு மதிப்பெண் போட்டுவிடுகிறேன். என்னிடம் படித்தால் வேலை கிடைக்காது என்ற பேர்தான் ஊருக்குள் நிலைத்துவிட்டது.