மடித்த சீட்டு

ஹெப்சிபா டீச்சருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வகுப்புத் தலைவரை ஆசிரியர் கைகாட்டக் கூடாது, பிள்ளைகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாளையங்கோட்டையில் ஒரு திருச்சபைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுத்தாள். பல வருடமாகியும் வேலை நிரந்தரமாகவில்லை. அதற்குத் தாளாளர் கிருபைராஜ் மனம் வைக்க வேண்டும்.

"சீட்டுல பேர எழுதி மடிச்சுப் போடுங்க. யாருக்குப் போட்டியன்னு எனக்குக்கூடத் தெரியாது" என்றாள். டீச்சர் சொன்னால் பிள்ளைகள் நம்பத்தானே செய்யும்!

டார்லின் ஜெயித்தாள். அவள் அம்மா கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிறவள். தோற்றவன் ஜெனோ, தாளாளரின் பேரன்.

மறுநாள் கிருபைராஜ் ஹெப்சிபாவைச் சீட்டுகளோடு வரச் சொன்னார். கோபப்படவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். வேலை நிரந்தரத்தைப் பற்றி அவராகவே பேச்செடுத்தார். பிறகு சீட்டுகளை அவள் பக்கம் தள்ளினார்.

"ஏழாம் வகுப்புலேருந்து இந்தப் பிள்ளையள் நோட்டத்தான திருத்துதீய. எழுத்தப் பாத்தா ஆளு தெரியாதா டீச்சர்?"

தெரியும். பெயரை எழுதச் சொன்னபோது இந்த மண்டைக்கு அது உறைக்கவில்லை. முதல் சீட்டை எழுதிய பிள்ளையின் பெயரைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். நாலைந்து போனதும் விடைத்தாள் திருத்துகிற வேகம் வந்துவிட்டது.

டார்லினின் சீட்டில் ஜெனோவின் பெயர் இருந்தது. தனக்குத் தானே போட்டுக்கொள்வது மரியாதையில்லை என்று நினைத்திருக்கிறாள், பாவி மகள்.

தாளாளர் சொன்னபடி, வகுப்பில் டார்லினுக்கு ஓட்டுப் போட்ட பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து ஜெனோவிடம் மன்னிப்புக் கேட்டார்கள். டார்லினின் சட்டையிலிருந்து வகுப்புத் தலைவர் பேட்ஜைக் கழற்றி அவனுக்குக் குத்தியவள் ஹெப்சிபாதான். கைதட்டச் சொன்னாள். தட்டினார்கள். அந்த மாதமே வேலை நிரந்தரமானது.

அடுத்த வருடம் அதே பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தார்கள்; அங்கேயும் ஹெப்சிபாதான் டீச்சர். தேர்தல் நல்ல பழக்கம், விட்டுவிட வேண்டாம் என்று தாளாளரே சொல்லி அனுப்பினார். ஹெப்சிபா பெட்டியை மேஜைமேல் வைத்தாள். இந்தத் தடவை ரகசியம் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

முதலில் வந்தவள் டார்லின். சீட்டை மடிக்காமல் டீச்சரின் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தாள். அதில் ஜெனோவின் பெயர் இருந்தது.

"பாத்துக்கிட்டியளா டீச்சர்?"

டீச்சர் தலையாட்டிய பிறகுதான் பெட்டியில் போட்டாள். பின்னால் மொத்த வகுப்பும் சீட்டை விரித்துப் பிடித்தபடி வரிசையில் நின்றது.