போனைக் கவ்விவந்த டைகர்

ஆறாம் வகுப்பு படித்த வருடம் முழுக்க என் சீருடைப் பாவாடைப் பையிலிருந்து கருவாட்டு நாற்றம் போகவே இல்லை. பக்கத்துப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாலும் எனக்கு வெட்கமில்லை, ஏனென்றால் அந்த நெத்திலித் துண்டுகள் எங்கள் நாய் டைகருக்கு நான் கொடுத்த சம்பளம். பெயர்தான் டைகர், ஆள் அசல் ராஜபாளையத்து வெள்ளை. "நம்மூரு நாய் காவலுக்குத்தாம்ட்டி, வித்தை காட்டவா வளக்கோம்?" என்று மில்லுக்குக் கிளம்பும்போதெல்லாம் அப்பா கேலி செய்வார். அந்தக் கேலிதான் என் பிடிவாதத்தைக் கிளப்பியது.

ஒரு செருப்பை முகரக் கொடுத்து, "செருப்பு, செருப்பு" என்று சொல்லிக்கொண்டே இருந்துவிட்டு, கதவுக்குப் பின்னால் ஒளித்துவைப்பேன்; கண்டுபிடித்தால் ஒரு நெத்திலி. செருப்புக்குப் பத்து நாள் ஆனது, சாவிக்கு நாலே நாள். பிறகு சொம்பு, துண்டு, கடைசியாக போன். அப்பாவுடையது மட்டும் தெரிந்தால் போதாதென்று சித்தப்பாவுடையது, பக்கத்து வீட்டாருடையது என்று மாற்றி மாற்றிப் பழக்கியதில், யாருடைய போனை எங்கே ஒளித்தாலும் கவ்விவந்துவிடுவான். கேலி செய்த அப்பாவே செட்டியார்பட்டிச் சொந்தக்காரர்களை உட்காரவைத்து, "எம்புட்டு வெவரம் பாருங்க" என்று காட்டத் தொடங்கினார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அக்கா அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்லூரி இரண்டாம் வருடம், கணக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை சித்தப்பா வந்து, அவள் பஸ் ஸ்டாண்டில் ஒரு பையனோடு நின்று பேசியதையும், கையில் போன் இருந்ததையும் சொன்னார். "பொட்டப்பிள்ளைக்கு எதுக்கு போன்" என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அப்பா அவளுடைய பையை உதறினார், பெட்டியைக் கவிழ்த்தார், ஒன்றும் கிடைக்கவில்லை. "எங்கிட்ட போனே இல்லப்பா" என்று அக்கா அழுதாள். சத்தம் கேட்டுத் தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

"டைகர்கிட்டக் கேட்டாப் போச்சு" என்றார் சித்தப்பா. அவரும் அப்பாவும் தங்கள் போன்களை அம்மாவிடம் கொடுத்து வெளியே அனுப்பினார்கள். "ஏட்டி, தேடச் சொல்லு" என்றார் அப்பா.

எனக்கு விவரம் தெரியாது, சின்னப் பிள்ளை என்று பல வருடம் எல்லோரிடமும் சொல்லிவந்திருக்கிறேன். அது பொய். அக்கா என்னைப் பார்த்து, யாரும் கவனிக்காதபடி, வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தாள். நெத்திலியைக் காட்டாமல் வாயால் மட்டும் சொன்னால் டைகர் அசையவே மாட்டான் என்பதும் எனக்கு மட்டுமே தெரியும். கையைச் சும்மா வைத்திருந்தால் போதும். ஆனால் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பாவாடைப் பைக்குள் கைவிட்டு, "போன்" என்றேன்.

டைகர் கட்டிலுக்கடியில் நுழைந்து, நான் தூக்கிப்போட்டிருந்த பழைய புத்தகப் பையை இழுத்துவந்தான். என் பையை யாரும் சோதிக்க மாட்டார்கள் என்று அக்கா நம்பியிருக்கிறாள். உள்ளேயிருந்த சின்ன போனை அவன் என் கையில்தான் கொடுத்தான். அதை நான் அப்பாவிடம் கொடுத்தேன். "நாயா இது, போலீசு!" என்றார் சித்தப்பா.

திங்கட்கிழமை அக்கா கல்லூரிக்குப் போகவில்லை, அதன் பிறகும் போகவில்லை. ஆவணியில் வத்திராயிருப்பில் தென்னந்தோப்பு வைத்திருந்த அத்தை மகனுக்குக் கட்டிவைத்தார்கள். நான் பரீட்சை எழுதி, காலேஜ் முடித்து, வேலைக்கும் போனேன்.

டைகர் செத்துப் பல வருடமாகிறது, அந்த வீட்டையும் விற்றாகிவிட்டது. போன மாதம் ஆறாவது படிக்கும் என் மகளுக்கு என் அப்பாவே கடைக்குப் போய் புது போன் வாங்கித் தந்தார், "இந்தக் காலத்துல அது இல்லாம முடியுமா?" என்றார். அவருக்கு எதுவுமே ஞாபகமில்லை.

அந்த வாரமே வத்திராயிருப்புக்கு பஸ் ஏறினேன். அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அக்காவிடம், அன்றைக்கு நான் செய்தது தப்பு என்று முதல்முறையாகச் சொன்னேன். அவள் நிமிரவில்லை.

"டைகர் மேல எனக்கு என்னைக்குமே கோவம் இருந்ததில்ல" என்றாள். பிறகு, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள்.