பூட்டறையில் தூங்கிய கம்பியூட்டர்

எங்கள் கந்தோருக்குக் கம்பியூட்டர் வந்த அன்று எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். யாரும் சொல்லிச் செய்ததல்ல. பணிப்பாளர் தன் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்தார். அதைப் பார்த்துத் தலைமைக் கிளாக்கர் கழற்றினார். அவரைப் பார்த்து மற்றவர்கள். தூசி பட்டால் அது பழுதாகிவிடுமாம். அடுத்த வாரம் அதற்குப் பூப்போட்ட துணியில் ஒரு போர்வை தைத்துப் போட்டார்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போதும் போர்த்தியேதான் வைத்திருந்தார்கள். சூடு வெளியேற வழியில்லை என்றேன். குளிர் காலம்தானே, இருக்கட்டும் என்றார் தலைமைக் கிளாக்கர்.

பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதையில், மாடியில் இருந்த திட்டக் கந்தோர் அது. வெளிநாட்டுப் பணத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயங்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுவருவது அதன் வேலை. வேலையைவிடக் கூட்டம் அதிகம், கூட்டத்தைவிட ரோல்ஸும் பேஸ்ட்ரியும் அதிகம். நான் அங்கே விபரம் பதிகிற எழுதுவினைஞன். என் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள். கம்பியூட்டரோடு வந்த இங்கிலீசுப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தவன் அந்தக் கந்தோரில் நான் ஒருவன்தான். மற்றவர்கள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

கொஸ்லந்தைப் பக்கத்திலிருந்து நமுனுகுல வரைக்கும் ஒன்பது தோட்டங்களை எனக்குக் கொடுத்திருந்தார்கள். எந்த ஊற்றில் கோடையிலும் தண்ணீர் நிற்கிறது, அது லயத்தைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எவ்வளவு குழாய் வேண்டும், எத்தனை குடும்பம் குடிக்கும், இதெல்லாம் பார்த்து எழுத வேண்டும். மாதக்கணக்கில் அட்டைக் கடியோடு நடந்து எழுதினேன். ஒன்பதாவது தோட்டம் நமுனுகுல மலையில் இருந்த எங்கள் தோட்டம். வேண்டுமென்றேதான் அதைக் கடைசியாக வைத்தேன். சொந்த லயத்துக்கு முதலில் எழுதினான் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது என்று நினைத்தேன். அந்தக் கந்தோரில் இப்படியெல்லாம் யோசித்த ஒரே ஆள் நான்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

எங்கள் லயத்தில் தண்ணீருக்குக் கீழே ஓடைத் தண்ணீர் விழும் பீலிக்குத்தான் போக வேண்டும். கொழுந்து எடுத்துவிட்டு வந்த உடம்போடு பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கி, ஏறி வருவார்கள். மேலே நல்ல ஊற்று இருந்தது. குழாய்தான் இல்லை. குழாய் வரப்போகிறது என்று நான் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து என் அம்மா குடத்தோடு ஏறி வரும்போதெல்லாம், நான் வீட்டில் இருந்தால், "தொர, ஒங்க கம்பியூட்டருத் தண்ணி எப்பங்க வரும்?" என்று கேட்டுவிட்டுத்தான் குடத்தை இறக்குவார்.

எழுதியதையெல்லாம் கம்பியூட்டரில் ஏற்றி முடித்ததும் பணிப்பாளர் ஒரு கூட்டம் போட்டார். இனிமேல் இது கடதாசி இல்லாத கந்தோர் என்றார். இந்த வார்த்தையை அவர் கொழும்பில் ஏதோ கருத்தரங்கில் பொறுக்கிக்கொண்டு வந்திருந்தார். என் கையெழுத்தில் இருந்த தாள்கள் அத்தனையும் கிலோக் கணக்கில் கடைவீதிக்குப் போயின. பிரதி எடுத்து வைக்கலாம் என்றேன். பிரதி எடுக்கிற பிளாப்பித் தட்டுகள் தலைமைக் கிளாக்கரின் இரும்பு அலுமாரியில் இருந்தன. அவற்றைக் கணக்கெடுப்பு முடியும்வரை வெளியே விட முடியாது என்றார் அவர். சில நாள் கழித்து பஸ் ஸ்டாண்டில் கடலை வாங்கினேன். சுருளைப் பிரித்தால், உள்ளே நான் கொஸ்லந்தையில் அளந்த ஒரு ஊற்று.

தலைமைக் கிளாக்கருக்கு உலகத்தில் இரண்டு வகைப் பொருள்தான்: பூட்டியது, பூட்டாதது. நாலேகால் ஆனதும் கந்தோரிலேயே விலை கூடிய சாமான் பூட்டறைக்குப் போயாக வேண்டும். நாட்டு நிலைமையும் அப்போது சரியில்லை, அதனால் அவர் சொன்னதை யாரும் மறுக்கவும் இல்லை. பூட்டறை கீழே. தினமும் மாலை நானும் பியோனும் கம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு மரப்படியில் இறங்குவோம். தினமும் காலையில் தூக்கிக்கொண்டு ஏறுவோம். மழை நாளில் படி வழுக்கும். ஒருமுறை பியோனின் முழங்கால் மடங்கி, பெட்டி படியில் இடித்தது. உள்ளே சுழலும் தட்டு ஒன்று இருக்கிறது, அதன்மேல் மயிரிழை இடைவெளியில் ஒரு முள் ஓடுகிறது, தூக்குவதற்கு முன்னால் முள்ளை ஓரத்தில் நிறுத்தச் சொல்லிக் கட்டளை கொடுக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. அதைத் தலைமைக் கிளாக்கரிடம் சொன்னேன்.

"தம்பி, நீங்க படிச்சத நீங்க வெச்சுக்கங்க," என்றார். "இது காணாமப் போனா என் பென்சனத்தான் புடிப்பாங்க. ஒங்க புத்தகத்தப் புடிக்க மாட்டாங்க."

அப்புறம் நாலேகாலுக்கு அவரே வந்து சுவிட்சை அமத்தி அணைக்கத் தொடங்கினார். நான் எழுதிக்கொண்டிருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

பனி விழுந்த ஒரு காலையில் அது எழும்பவில்லை. திரையில் வெளிச்சம் வந்தது, உள்ளே தட்டு சுழலவில்லை. ஒன்பது தோட்டத்துக் கணக்கும் அதற்குள் கிடந்தது. அறிக்கை கொழும்புக்குப் போக வேண்டிய நாளும் நெருங்கியிருந்தது. தலைமைக் கிளாக்கர் ஊதுபத்தி கொளுத்தி, அதை ஒரு வாழைப்பழத்தில் குத்தி, பெட்டியின் மேல் வைத்தார். தூசி ஆகாது என்று சப்பாத்தைக் கழற்றியவர்கள் எல்லோரும் சுற்றி நின்று, சாம்பல் பிளாப்பி வாயில் விழுவதைப் பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கொழும்பிலிருந்து திருத்துகிறவர் ரயிலில் வந்தார். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர், ஒரு முஸ்லிம் வாலிபர்; எங்கள் பக்கத்தில் நானா என்று கூப்பிடுகிற வயது. சப்பாத்தோடு நேரே உள்ளே நடந்தார். தலைமைக் கிளாக்கருக்கு முகம் கறுத்தது. வந்தவர் போர்வையை இரண்டு விரலால் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு, இது எப்படி இப்படி ஆனது என்று என்னிடம் கேட்டார். பூட்டறைக் கதையைச் சொன்னேன்.

"ஒவ்வொரு நாளும் தூக்கினீங்களா?"

"ஆமாங்க நானா. காலையிலயும் அந்திக்கும்."

"அதுக்கு இத ஒரு கழுதையில ஏத்தி மலையச் சுத்த விட்டிருக்கலாம்," என்றார். சிரிக்கவே இல்லை.

பெட்டியைத் திறந்து, வயரோடு ஹார்ட் டிஸ்க்கை வெளியே எடுத்தார். தேங்காயில் தண்ணீர் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்ப்போமே, அதுபோலக் கையில் பிடித்தார். ஆனால் ஆட்டவில்லை. சுவிட்சைப் போடச் சொல்லி, போட்ட அதே நொடியில் மணிக்கட்டை வெடுக்கென்று ஒரு திருப்புத் திருப்பினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி, மறுபடி. அப்புறம் உள்ளே மெல்ல ஒரு முனகல் எழுந்து, ஏறி, சீரான இரைச்சலாக நின்றது. முள் தட்டோடு ஒட்டிக்கொண்டிருந்ததாம்.

"இனி இத அணைக்க வாணாம் தம்பி," என்றார். "அணைச்சா திரும்ப எழும்பும்னு சொல்ல ஏலா. ஆக முக்கியமானத மொதல்ல எடுங்க." இதையே பணிப்பாளரிடமும் தலைமைக் கிளாக்கரிடமும் இங்கிலீசில் சொன்னார். ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு ரயிலுக்குப் போய்விட்டார். அந்தக் கந்தோருக்கு வந்துபோனவர்களில் நான் மதித்த ஒரே மனிதர் அவர். மொத்தமாக ஒரு மத்தியானம்தான் இருந்தார்.

ஆக முக்கியமானது எது என்று பணிப்பாளருக்குச் சந்தேகமே வரவில்லை. வெளிநாட்டுத் தூதுக்குழு வரும்போது அவர் வாசிக்கவிருந்த பேச்சு. அடுத்தது, வெளிநாட்டில் மேற்படிப்புக்கு அவர் எழுதிய விண்ணப்பம். அதற்கடுத்தது, அவர் மகளின் பிறந்தநாள் விருந்துக்கு வருகிறவர்களின் பெயர்கள். தட்டு நன்றாக ஓடிய நல்ல நேரம் முழுவதும் இவற்றுக்குப் போனது. தண்ணீர் விபரத்தை முதலில் எடுக்கட்டுமா சேர் என்று கேட்டேன். அதற்கு ஏன் அவசரம், அது எங்கே ஓடப் போகிறது என்றார். தன் பிளாப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

தோட்டங்களை எடுக்கத் தொடங்கினேன். கணக்கெடுப்பு முடிந்திருந்தாலும், பிளாப்பியை ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். நிறைந்ததைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்தது கிடைக்கும். தட்டு இடையிடையே விக்கியது. மறுபடி முயலவா, விட்டுவிடவா என்று திரை கேட்கும். மறுபடி என்பேன். மறுபடி, மறுபடி. ஒரு தோட்டம் கரை சேர்வதற்குள் என் சட்டை நனைந்துவிடும். எட்டாவது முடிந்தது. எட்டுப் பிளாப்பியும் அலுமாரிக்குப் போயின. ஒன்பதாவதைக் கேட்கத் திரும்பினால், தலைமைக் கிளாக்கர் கையில் பூட்டறைச் சாவியோடு பின்னாலேயே நிற்கிறார்.

நாலேகால் என்றார். அணைத்தால் திரும்ப எழும்பாது என்று அந்த ஆள் சொன்னதை நீங்களும் கேட்டீர்களே என்றேன். இரவு யார் காவல் என்றார். நான் இருக்கிறேன் என்றேன். அதற்குச் சுற்றறிக்கை இல்லை என்றார்.

"ஐயா, ஒரே ஒரு தோட்டந்தான் பாக்கி. எங்க தோட்டம்."

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. எதையோ கண்டுபிடித்துவிட்ட மாதிரி.

"ஒங்க தோட்டமா? அதானே பாத்தேன், தம்பிக்கு என்ன இவ்வளவு அக்கறன்னு."

சொல்லிக்கொண்டே சுவிட்சை அமத்தினார். இரைச்சல் மெல்ல இறங்கி நின்றது. பியோன் ஒரு பக்கம் பிடித்தான், நான் மறுபக்கம் பிடித்தேன். படியில் இறங்கினோம். சொந்தத் தோட்டத்தை எதற்காகக் கடைசியாக வைத்தேனோ, அதைச் சொல்லியே என்னை அடித்துவிட்டார். காரணத்தைச் சொல்லியிருந்தாலும் அவருக்கு விளங்கியிராது.

அடுத்த நாள் காலை மணிக்கட்டு வலிக்கும்வரை திருப்பினேன். முனகல்கூட இல்லை.

பணிப்பாளர் கவலைப்படவில்லை. அவருடைய பேச்சுத்தான் பத்திரமாக இருந்ததே. எட்டு எழுதினால் என்ன, ஒன்பது எழுதினால் என்ன, அந்த ஒன்றை அடுத்த கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அடுத்த கட்டம் என்று ஒன்று கிடையாது. அது அவருக்கும் தெரியும். திங்கட்கிழமை விபரத்தோடு வருகிறேன் சேர் என்றேன். கம்பியூட்டர் இல்லாமல் எப்படி என்று உண்மையாகவே கேட்டார். அந்த மனிதர் படித்த படிப்பு முழுவதும் அந்தக் கேள்வியில் இருந்தது.

முதலில் கடைவீதிக்கு ஓடினேன். தாள்களை வாங்கிய கடைக்கார நானா, மீதி ஏதும் இருக்கிறதா என்று மேசைக்கடியில் தேடிப் பார்த்தார். "அதெல்லாம் போன மாசமே கடலையோட போயிருச்சு தம்பி," என்றார். அவராவது தேடிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் நிரப்பிய ரப்பர் குழாயும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு ஊற்றுக்கு ஏறினேன். மட்டம் பார்க்கக் குழாயின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அம்மாதான் வந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"தொலைஞ்சது ஊத்தா, கணக்கா?"

"கணக்கும்மா."

"அப்ப என்னத்துக்குடா மூஞ்சத் தூக்கி வெச்சிருக்க? புடி கொழாய."

ஊற்று இருந்த இடத்திலேயே இருந்தது. பொழுது சாய்வதற்குள் அளந்து முடித்துவிட்டோம். திங்கட்கிழமை கந்தோரில் பழைய தட்டச்சு யந்திரத்தைத் தூசி தட்டி, பிளாப்பியில் தப்பிய எட்டோடு ஒன்பதாவதையும் சேர்த்து அறிக்கையை முடித்தேன். எட்டுப் பிளாப்பியையும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, அவற்றை வாசிக்கப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக் கம்பியூட்டரில் கெஞ்சி இடம் பிடிக்க வேண்டியிருந்தது. அவர்கள் தங்கள் கம்பியூட்டரை ஓர் இடத்திலேயே வைத்திருந்தார்கள். அதிசயம், அது ஓடியது. அறிக்கையின் முன்பக்கத்தில், முழுவதும் கம்பியூட்டர் மூலம் தயாரிக்கப்பட்டது என்று பணிப்பாளர் தன் கையால் எழுதினார். ஒன்பதும் உள்ளே இருந்தன.

பணம் வந்தது. குழாயும் வந்தது. எங்கள் லயம் றோட்டுக்குக் கிட்ட இருந்ததால் தூதுக்குழுவை அங்கேயே கூட்டி வந்தார்கள். பணிப்பாளர் அந்தப் பேச்சை வாசித்தார். தட்டு நன்றாக ஓடிய நேரத்தில் முதலில் மீட்ட அதே பேச்சு. அதில் கம்பியூட்டர் ஏழு மலை தாண்டித் தண்ணீர் கொண்டுவந்திருந்தது. யாரோ பைப்பைத் திறந்தார்கள், யாரோ படம் பிடித்தார்கள், எல்லோரும் ரோல்ஸ் தின்றார்கள்.

அவர்கள் போன மறுநாள் தலைமைக் கிளாக்கர் ஒரு தச்சனோடு வந்தார். பித்தளைப் பைப், களவு போனால் யார் பொறுப்பு? பைப்பைச் சுற்றி மரப்பெட்டி அடித்து, பூட்டுப் போட்டு, சாவியைத் தோட்டக் கந்தோரில் கொடுத்துவிட்டுப் போனார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம், அந்திக்குக் கொஞ்ச நேரம் வாச்சர் வந்து திறப்பான். மற்ற நேரம் பெண்கள் பூட்டைப் பார்த்துவிட்டு, பழையபடி பீலிக்கு இறங்கினார்கள்.

மாதம் முடிவதற்குள் பூட்டு, கழிவுத் தண்ணீர் ஓடும் காணில் கிடந்தது. பெட்டி யார் வீட்டிலோ அடுப்புக்குப் போயிருந்தது. தலைமைக் கிளாக்கர் விசாரணைக்கு வந்தார். லயத்தில் ஒருவரும் எதையும் பார்த்திருக்கவில்லை. கடைசியில் பைப்படியில் நிம்மதியாகக் குடத்தை நிறைத்துக்கொண்டிருந்த என் அம்மாவிடம், பூட்டை உடைத்தது யார் என்று கேட்டார்.

"யாரும் ஒடைக்கலிங்க ஐயா," என்றார் அம்மா. "தானாத்தான் பழுதாப் போச்சு. தெனமும் பூட்டித் தொறந்துக்கிட்டிருந்தா எதுதாங்க தாங்கும்?"

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.