அண்ணி அழித்த மச்சம்

என் அண்ணி எண்பத்தேழு வருடம், நான்கு மாதம், ஒன்பது நாள் வாழ்ந்தார். இரங்கல் கூட்டத்தில் ஒருவர் அவரை "அதிர்ந்து பேசாதவர்" என்றார். தவறான கூட்டத்துக்கு வந்துவிட்டோமோ என்று நான் வாசலில் இருந்த பலகையைப் போய்ப் படித்துவிட்டு வந்தேன். பலகை சரியாகத்தான் இருந்தது.

பதினெட்டு வயதில் அவர் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தார். என் அண்ணன் கடைத்தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தான். நல்லவன்; ஆனால் அவன் எடுத்த படங்களில் கால் இருந்தால் தலை இருக்காது. இரண்டாம் வருடமே அண்ணி கேமராவைக் கையில் எடுத்தார். அண்ணன் மறுபேச்சில்லாமல் பிலிம் கழுவுகிறேன் என்று இருட்டறைக்குள் போனான். தூங்குவதற்கு ஊரில் அதைவிட நல்ல அறை கிடையாது.

"சிரிங்க" என்று அண்ணி யாரிடமும் சொன்னதில்லை. திட்டுவார். விறைப்பாக உட்கார்ந்திருந்த காவல் ஆய்வாளரிடம், "மீசை வந்து உக்காந்து பத்து நிமிஷம் ஆச்சு, நீங்க எப்ப வருவீங்க?" என்றார். அவர் சிரித்த அந்த நொடிதான் அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

ஆனால் அண்ணி பேர் வாங்கியது டச்சிங்கில். அடியில் விளக்கு எரியும் சாய்ந்த கண்ணாடிமேல் நெகடிவை வைத்து, ஊசியாகச் சீவிய பென்சிலால் முகத்தின் குறைகளை அடைப்பார். தழும்பு, பரு, மச்சம், கண்ணுக்கடியில் தொங்கும் பை, எதுவும் தப்பாது. மாலையில் அலுவலகம் விட்டு வந்து நான் நெகடிவ் பதிவேடு எழுதுவேன். எண், தேதி, ஆள், திருத்தம். எண் 12,440: பல் மருத்துவர், இரண்டு பல் சேர்த்தது.

"இதையெல்லாமா எழுதுவே? அந்த மனுஷன் பொழைக்க வேண்டாமா?" என்பார் அண்ணி.

கடைத்தெருவின் மறுகோடியில் இன்னொரு ஸ்டூடியோ இருந்தது. அதன் முதலாளிக்கு டச்சிங் என்றாலே மோசடி. உள்ளதை உள்ளபடி எடுப்பார். அண்ணி அவருக்கு எக்ஸ்ரே என்று பெயர் வைத்தார். "அவன் எடுத்த படத்தை நேரா ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போகலாம்." அவர் அண்ணிக்கு வைத்த பெயர் மேஸ்திரி. பூச்சு வேலை செய்கிறவராம். இருபத்திரண்டு வருடம் இருவரும் நேரில் பேசியதில்லை. வாடிக்கையாளர்கள் மூலமாகத்தான் திட்டிக்கொண்டார்கள்.

அண்ணிக்கு நான்கு பிள்ளைகள். அண்ணன் காலமான பிறகு வீடு, கடை, மருமகள்களின் சண்டை எல்லாம் அவர் ஒருவர் தலையில்தான். குடும்பத்தில் பிரசவம் என்றால் ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். ஒன்பது பேரப்பிள்ளைகளில் ஒன்றுகூட அண்ணி வாசலில் நிற்காமல் பிறந்ததில்லை. வாசலில் என்பது முழு உண்மையல்ல. மூன்று முறை உள்ளே போய் விரட்டப்பட்டிருக்கிறார்.

அவருக்கு அறுபத்தொரு வயதானபோது, வெளிநாட்டில் இருந்த கடைசி மகளிடமிருந்து கடிதம் வந்தது. மகளுக்கு முப்பத்து மூன்று வயது. "அம்மா, போன தடவை தங்கலை. இந்தத் தடவை நீ பக்கத்துல இருக்கணும். பயமா இருக்கு."

அண்ணி இரண்டு முறை படித்தார். யாரையும் திட்டவில்லை. அதைப் பார்த்து எங்களுக்கும் பயம் வந்துவிட்டது.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். அடையாளம் என்ற இடத்தில், "இடது கன்னத்தில், மூக்கோரத்திலிருந்து ஒன்றேகால் அங்குலத்தில், மிளகளவு மச்சம்" என்று எழுதினேன். அளவுகோலை வைத்தபோது அண்ணி என் கையைத் தட்டிவிட்டார். படம் அவரே எடுத்துக்கொண்டார். எண் 31,806.

பிரசவத்துக்கு முப்பத்தொன்பது நாள் இருக்கும்போது விண்ணப்பம் திரும்பி வந்தது. இருவரும் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு ஓடினோம்.

"மச்சம் எங்கம்மா?" என்றார் அதிகாரி.

"கன்னத்துல."

"அது தெரியுது. படத்துல எங்க?"

அண்ணி படத்தை வாங்கிப் பார்த்தார். கன்னம் கழுவிவிட்ட தட்டு மாதிரி இருந்தது. நாற்பத்தொரு வருடப் பழக்கம். மச்சத்தைக் கண்டதும் பென்சில் போய் அடைத்துவிட்டது, சொந்தக் கன்னம் என்றுகூடப் பார்க்காமல். என் பங்கும் உண்டு. பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே "மச்சம் ஒன்று நீக்கம்" என்று என் கையெழுத்தே இருக்கிறது. எழுதினேனே தவிர யோசிக்கவில்லை.

"பென்சிலை அழிச்சிட்டு வேற பிரிண்ட் போட்டுத் தர்றேன்" என்றார் அண்ணி.

"போடவும் தெரியும், அழிக்கவும் தெரியும்னா நான் எதைம்மா நம்பறது? நீங்க எடுக்காத படமாக் கொண்டுவாங்க."

பேருந்தில் வரும்போது எனக்கு அர்ச்சனை நடந்தது. "உன்னை யாரு மச்சத்தை எழுதச் சொன்னது? முழங்கால்ல ஒரு தழும்பு இருக்கே, அதை எழுத வேண்டியதுதானே?"

"முழங்கால் படத்துல வராதே அண்ணி."

"அதான்டா வேணும்!"

ஊரில் இன்னொரு ஸ்டூடியோ ஒன்றுதான். மறுநாள் காலை பத்தேகாலுக்கு அண்ணி அதன் படியேறினார். நான் பின்னால் போனேன்.

"அடடே, மேஸ்திரியம்மா! வெள்ளையடிக்க வந்தீங்களா?" என்றார் எக்ஸ்ரே.

"உன் கடைக்கு எத்தனை கோட் அடிச்சாலும் எடுபடாது. பாஸ்போர்ட் படம் எடு."

எக்ஸ்ரே இருபத்திரண்டு வருடம் காத்திருந்த மனிதர், அவசரப்படுவாரா? ஸ்டூலை இரண்டு தடவை துடைத்தார்.

"அந்த விளக்கைக் கொஞ்சம் தள்ளு" என்றார் அண்ணி.

"இங்க நீங்க வாடிக்கையாளர். வாயை மூடுங்க, பல்லு தெரியுது."

அண்ணி வாயை மூடினார். அதை நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் முகம் மரக்கட்டையாகிவிட்டது. ஊரையே இளக்கியவருக்குத் தன் முகத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டு பிலிம் வீணானது.

"இப்படி முறைச்சா எந்த நாட்டுலயும் உள்ள விடமாட்டான்" என்ற எக்ஸ்ரே, கேமராவுக்குப் பின்னாலிருந்து சாதாரணமாகக் கேட்டார். "எங்க போறீங்க?"

"கடைசிப் பொண்ணுகிட்ட. அவளுக்குப் பிரசவம்." கொஞ்சம் நிறுத்தி, "போன தடவை நான் போகலை" என்றார்.

கேமரா சொடுக்கியது.

மறுநாள் அவர் படத்தை உறையில் போட்டுக் கொடுத்தார். அண்ணி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மச்சம் இருந்தது. கூடவே அறுபத்தொரு வருடமும் ஒன்று விடாமல் இருந்தது.

"பாவி, என் மாமியாரை எடுத்து வச்சிருக்கானே!"

"நீங்கதாம்மா. கூடவும் இல்ல, கொறைச்சலும் இல்ல" என்றார் எக்ஸ்ரே.

ஸ்டூடியோவுக்குத் திரும்பியதும் அண்ணியின் கை பென்சில் டப்பா பக்கம் போனது. "தம்பி, இந்தக் கண்ணோரம் ஒரே ஒரு கோடு. அந்த ஆபீசருக்கா தெரியப் போகுது?"

நான் உறையைப் பிடுங்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு நேராக அலுவலகத்துக்குப் பேருந்து ஏறினேன். வாழ்நாளில் நான் அண்ணியை எதிர்த்தது அந்த ஒரு முறைதான்.

இருபத்தாறாம் நாள் பாஸ்போர்ட் வந்தது. மற்ற காகிதங்களுக்கு ஒரு வாரம் ஓடியது. அண்ணி கிளம்பிப் போன பிறகு பதினொரு நாள் எந்தத் தகவலும் இல்லை. பன்னிரண்டாம் நாள் அவர் கையெழுத்தில் ஒரு கடிதம் வந்தது.

"தம்பிக்கு. பதிவு செய்துகொள்ளவும். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது பகல் ஒன்று நாற்பது. குழந்தை பிறந்தது மூன்று பத்து. பெண். எடை இரண்டே முக்கால் கிலோ. இருவரும் நலம். டாக்டரம்மாவை நான்கு முறை திட்டினேன். அவளுக்கு நம் மொழி தெரியாததால் நான்கு முறையும் நன்றி சொன்னாள்."

அடியில் மகள் கிறுக்கலாக எழுதியிருந்தாள்: "சித்தப்பா, அம்மா வந்ததுலேர்ந்து வாயே மூடலை. திட்டு கேக்கவே நேரம் சரியாப் போச்சு. பயப்பட மறந்துட்டேன்."