சோபா இல்லாத சோபாக்காரி

சோபாக்காரி என்ற பேரை நான் முதன்முதலாகக் கேட்டது போலீஸ் குடியிருப்பின் குழாயடியில். என் கொழுந்தன் கான்ஸ்டபிள். அவன் வீடு எது என்று கேட்டதற்கு, குடத்தை நிமிர்த்திய பெண், "சோபாக்காரி வீடா? கடைசி வீடு" என்றாள். நம்ம ஓரகத்தி சோபா வாங்கிவிட்டாளே, எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று வயிறு எரியப் போனேன். உள்ளே இரண்டு மர நாற்காலி. அதிலும் ஒன்றுக்குக் கால் ஆட்டம்.

பேர் வந்த கதை இதுதான். கொழுந்தனுக்கு ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் பைத்தியம். இன்ஸ்பெக்டர் ஒருத்தன் சூதாட்ட விடுதிக்காரனிடம் மாமூல் வாங்கி வாங்கி, கடைசியில் தனக்குக் கீழே வேலை பார்த்தவன் கையாலேயே விலங்கு மாட்டிக்கொள்கிறான். படம் எந்தக் கொட்டகைக்குத் திரும்ப வந்தாலும் இவன் முதல் ஆளாக நிற்பான். "அவன் கைநீட்டி வாங்கறத ஒரு இடத்துலயும் காட்டமாட்டாங்க அண்ணி. ஒவ்வொரு தடவையும் செவுத்துல அவன் நிழல்தான் கொஞ்சம் பெருசாகும்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறான். அப்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும், பெற்ற பிள்ளை பாஸான மாதிரி.

கல்யாணமான புதிதில் அவளையும் கூட்டிப்போனான். அவள் நிழலையா பார்த்தாள்? இன்ஸ்பெக்டர் பெண்டாட்டி உட்கார்ந்திருந்த சோபாவைப் பார்த்தாள். கைப்பிடி சுருண்டு, வெல்வெட் துணி போட்டு, விளக்கு பட்டால் தண்ணீர் மாதிரி மினுங்கும். குழாயடியில் அதே பேச்சு. பேர் ஒட்டிக்கொண்டது.

பக்கத்து வீடு ஸ்டேஷன் ரைட்டர் வீடு. கேஸ் காகிதமெல்லாம் அவர் கையில். மாதம் ஒரு சாமான் அங்கே வந்து இறங்கும். இவள் ஜன்னலோரம் நின்று பார்த்துவிட்டு, "அவளுக்கும் போலீஸ் புருஷன், எனக்கும் போலீஸ் புருஷன்" என்று பாத்திரத்தை நங்கென்று வைப்பாள். கொழுந்தன் காதில் விழாத மாதிரி பெல்ட்டுக்குப் பாலிஷ் போடுவான்.

அப்புறம்தான் அந்த லாரி. மரச்சாமான் கடை முதலாளியின் லாரி ஒரு சைக்கிள்காரன் காலை நசுக்கிவிட்டது. கண்ணால் பார்த்த ஒரே ஆள் கொழுந்தன். அவன் வாக்குமூலம் கொடுப்பதற்குள் ஒரு மத்தியானம் சோபா வந்து இறங்கியது. அச்சு அசல் படத்தில் வந்தது போலவே. குழாயடிப் பேச்சு கடைவரை போயிருக்க வேண்டும்; முதலாளி கொடுத்தனுப்பினார் என்றார்கள் இறக்கியவர்கள். சோபா அகலம், வீட்டு வாசலுக்குள் நுழையவில்லை. இவள் வெளியிலேயே அதில் உட்கார்ந்துவிட்டாள். ரைட்டர் பெண்டாட்டி ஜன்னலுக்கு வந்ததும் கால்மேல் கால் போட்டாள்.

டியூட்டி முடிந்து வந்த கொழுந்தன் கத்தவில்லை. தொப்பியைக் கழற்றினான்.

"படத்துல விலங்கு மாட்ட வர்றப்ப அவன் பொண்டாட்டி எங்க இருந்தா?"

"சோபாவுல."

"எந்திரிச்சாளா?"

"இல்ல."

"நீ?"

வெல்வெட்டைத் தடவிக்கொண்டே இருந்தாளாம். பிறகு எழுந்தாள். "எந்திரிக்கிறேன். ஆனா இது பக்கத்து வீட்டுக்கு மட்டும் போகக்கூடாது."

சோபா கடைக்குத் திரும்பியது. கொழுந்தன் பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக் கொடுத்தான். அந்தக் காகிதம் ரைட்டர் மேஜையில் தூங்கியது. அதே சோபா, கதவைக் கழற்றி வைத்த பிறகு, ரைட்டர் வீட்டுக்குள் நுழைந்தது.

ரைட்டர் மாட்டுவார் என்று இவள் வருஷக்கணக்கில் காத்திருந்தாள். அவர் மாலை மரியாதையோடு ரிட்டயர் ஆனார். "படத்துல மட்டும்தான் அக்கா மாட்டுறாங்க" என்றாள் என்னிடம். அதற்குப் பிறகு அந்தப் படம் எப்போது வந்தாலும் புருஷனுக்கு முன்னால் இவள் கிளம்பிவிடுவாள். விலங்கு மாட்டும் இடத்தில் இன்ஸ்பெக்டர் முகம் அவளுக்குத் தெரியாது, ரைட்டர் முகம்தான் தெரியும். பக்கத்தில் கொழுந்தன் நிழலைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

கொழுந்தன் போய்ச் சேர்ந்துவிட்டான். அவள் இப்போது மகளோடு இருக்கிறாள், பஸ் நிலையத்துக்குப் பின்னால், இரண்டாம் மாடியில். அங்கேயும் சோபா கிடையாது; எங்களுக்கு அவள் இன்னும் சோபாக்காரிதான்.