தாராவியில் உட்கார்ந்த பந்தி

யுத்தம் முடிவதற்கு முந்தைய வருஷம் அது. பம்பாயில் ரேஷன் வந்து, அரிசிச் சோறு என்பதே ஒரு விசேஷமாகிவிட்டிருந்த காலம். நான் கும்பகோணத்திலிருந்து வேலை தேடிப் போய், மாட்டுங்காவில் ஒரு மாடி அறையில் பாலக்காட்டு நண்பன் ஒருவனோடு தங்கியிருந்தேன். அவன் ரயில்வேயில் குமாஸ்தா. நான் கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. சாப்பாடு பக்கத்துத் தெரு மெஸ்ஸில்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் மற்றவர்கள் தூங்குவார்கள், அல்லது கச்சேரி, கடற்கரை என்று போவார்கள். நாங்கள் இரண்டு பேரும் சந்து சந்தாகச் சுற்றக் கிளம்பிவிடுவோம். பெரிய கடைத்தெருக்களை எல்லோரும்தான் பார்க்கிறார்கள். யாருக்கும் தெரியாத தெருவில் யாருக்கும் தெரியாத கடையைக் கண்டுபிடிப்பதுதான் எங்களுக்குச் சந்தோஷம். புலேஷ்வருக்குப் பின்னால் செப்புப் பாத்திரம் தட்டும் சந்து, பரேலில் ஒரு மராத்தி அம்மாள் மில்காரர்களுக்கு வீட்டிலேயே ரொட்டி சுட்டுப் போடும் இடம், காட்கோபரில் பாலக்காட்டு அப்பளம் விற்கும் இடுக்குக் கடை என்று எங்களுக்கு ஒரு தனி பம்பாய் இருந்தது. நண்பன், "எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா நான் தொலைஞ்சேன்" என்று சொல்லிக்கொண்டே எந்தக் கடையிலும் உட்கார்ந்துவிடுவான்.

சாயங்காலம் மெஸ் வராந்தாவில் நான் அதையெல்லாம் கதையாகச் சொல்வேன். பத்துப் பேர் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு நாள் ஆபீஸில் கூட வேலை செய்பவர் சொன்னார்: தாராவியில் திருநெல்வேலிக்காரர்கள் இருக்கும் பக்கம், ஒருவர் வீட்டு வாசலிலேயே இலை போட்டுச் சாப்பாடு போடுகிறாராம். ரேஷன் காலத்திலும் வயிறு நிறையச் சோறாம். பெயர்ப் பலகை கிடையாது, விசாரித்துத்தான் போகவேண்டும் என்றார். எனக்கு வேறு என்ன வேண்டும்? அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நண்பனை இழுத்துக்கொண்டு ரயில் பாதையைத் தாண்டி நடந்தேன்.

ஆபீஸுக்குப் போவது போலவே வெள்ளைச் சட்டை, கால்சராய், பாலீஷ் போட்ட ஷூ. தாராவிக்குள் நுழைந்ததும் தோல் பதனிடும் வாசனை முகத்தில் அடித்தது. அதைத் தாண்டிப் போனால் குறுகலான ஒரு கடைத்தெரு. கருப்பட்டி, சுக்கு, கருவாடு, பனையோலைப் பெட்டி என்று பம்பாய் நடுவில் ஒரு தென்காசிச் சந்தை. நண்பன் ஒரு பெட்டியை விலை பேசி வாங்கினான். மதியம் ஒரு மணிக்கு மேல் ஆகிவிட்டது. எனக்குக் குடலைப் பிடுங்கும் பசி.

குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், "ஏம்மா, இங்கே சாப்பாடு போடுறாங்களாமே, எந்த வீடு?" என்று கேட்டேன்.

அவள் எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்தா, துணிப் பந்தல் தெரியுதுல்லா, அந்த வீடுதான். பந்தி நடக்கு, சீக்கிரமாப் போங்க" என்றாள்.

போனோம். வாசலில் பழைய வேட்டிகளை இணைத்துக் கட்டிய பந்தல். கீழே பாய் விரித்து, பத்துப் பன்னிரண்டு ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் இரண்டு பேர் நகர்ந்து இடம் விட்டார்கள். யாரோ ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து எங்கள் கையில் ஊற்றினார்கள். 'பரவாயில்லையே, கவனிப்பு பலமாக இருக்கிறதே' என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பரிமாறியவனுக்கு எங்கள் வயதுதான் இருக்கும். மொட்டைத் தலை. இடுப்பில் துண்டு கட்டியிருந்தான். கூடையிலிருந்து சோற்றை அள்ளி அள்ளி வைத்தான். அப்போது ஓட்டல்களில் ஒரு கிண்ணம் சோற்றுக்கு மேல் கேட்டால் முறைப்பார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பருப்புக்கு ஒரு தடவை, சாம்பாருக்கு இரண்டு தடவை சோறு வாங்கிக்கொண்டேன். சந்தோஷத்தில் வாயும் நீண்டுவிட்டது.

"என்னப்பா, மொட்டை பழனியா, திருப்பதியா?" என்று கேட்டேன்.

அவன் ஒரு நிமிஷம் கூடையோடு நின்றான். "இல்லய்யா, இங்கனதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனான்.

"இங்கே எந்தக் கோயில்டா மொட்டை போடுறாங்க?" என்று நண்பனிடம் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

ரசம் வந்தது. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "புளி தூக்கலா இருக்கே. யாரு சமையல்? கொஞ்சம் சொல்லி வை" என்றேன். "சொல்லுதேன்யா" என்றான். அப்பளம் இன்னொன்று கேட்டேன். கொண்டுவந்து கொடுத்தான்.

வரிசையில் மற்றவர்கள் யாரும் பேசவே இல்லை. எனக்கு அது விசித்திரமாக இருந்தது. நண்பன் பக்கம் சாய்ந்து, குரலைக்கூடச் சரியாகத் தாழ்த்தாமல், "இவ்வளவு நல்ல சாப்பாட்டைப் போட்டும், எல்லாரும் ஏண்டா இழவு வீட்டுல உட்கார்ந்த மாதிரி இருக்காங்க?" என்றேன்.

நண்பன் இடது கையால் என் முழங்காலை அழுத்திப் பிடித்தான். வலித்தது.

"வாயை மூடு. உள்ளே பாரு."

வாசற்படிக்கு நேரே உள்ளே பார்த்தேன். தரையில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் மடித்து வைத்த புது வேட்டி, ஒரு செம்பு. பின்னால் சுவரில் ஆணியில் ஒரு காக்கிக் கோட்டும், ஆபீஸ் பியூன்கள் குறுக்கே போட்டுக்கொள்ளும் பித்தளை வில்லை வைத்த டவாலியும் மாட்டியிருந்தன. இரண்டுக்கும் சேர்த்து ஒரு சாமந்தி மாலை.

வாயில் இருந்த சோற்றை என்னால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. மொட்டை எதற்கென்று அப்போதுதான் தெரிந்தது. தகப்பனுக்குக் கொள்ளி வைத்த மகனிடம், பதினாறாம் நாள் சாப்பாட்டில் உட்கார்ந்துகொண்டு, பழனியா திருப்பதியா என்று கேட்டிருக்கிறேன். எழுந்து ஓடிவிடலாம் என்றால் பந்தியின் நடுவில் எப்படி எழுந்திருப்பது?

அந்த நேரம் பார்த்து என் பக்கத்து இலைக்காரர் முதன்முதலாகப் பேசினார். "தம்பிமாரு ரெண்டு பேரும் அண்ணாச்சி ஆபீஸா?"

நண்பனின் தலை எப்படியோ அசைந்தது. அவர் அதை ஆமாம் என்றே எடுத்துக்கொண்டார். முகம் மலர்ந்து, "ஏ, ஆபீஸ்ல இருந்து வந்திருக்காக, உள்ள சொல்லு" என்று யாரிடமோ குரல் கொடுத்தார். "அரிசிக்கு என்ன பண்ணப் போறோம்னு முழிச்சோம். சந்துல எல்லாரும் அவுகவுக ரேசன்ல எடுத்துக் கொடுத்துத்தான் இன்னைக்கு ஒலை வச்சது. அண்ணாச்சிக்காகத்தான்" என்று என்னிடம் சொன்னார்.

என் இலையில் ரசத்துக்கென்று நாலாம் தடவையாக வாங்கிய சோறு குவிந்திருந்தது.

உள்ளேயிருந்து ஒரு அம்மாள் வந்து கதவை ஒட்டி நின்றாள். நெற்றி வெறுமையாக இருந்தது. எங்களை நேராகப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அவுக சொல்லிக்கிட்டே இருப்பாகய்யா. எனக்கு ஒண்ணுன்னா ஆபீஸே தெரண்டு வரும், நீ பயப்படாதன்னு. இத்தன நாளா ஒருத்தரும் எட்டிப் பாக்கலியேன்னு இருந்துது. சந்துல எல்லாருக்கும் முன்னால எனக்குத்தான் ஒரு மாதிரியா இருந்துது. நீங்களாவது வந்தீகளே."

பந்தல் முழுக்க எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் கொஞ்சம் தயங்கி, "ஆபீஸ்ல அவுகள எல்லாரும் மரியாதையா வச்சிருந்தாகளா?" என்று கேட்டாள்.

அவர் எந்த ஆபீஸ் என்றுகூட எனக்குத் தெரியாது. பெயர் தெரியாது. முகம் தெரியாது. நண்பன் தலையைக் குனிந்துகொண்டுவிட்டான். நான்தான் சொல்லவேண்டியிருந்தது.

"ரொம்ப மரியாதையா வச்சிருந்தோம்மா. அவர் இல்லாம ஆபீஸ் ஆபீஸாவே இல்லை" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது.

அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மொட்டை அடித்த மகன் ரச வாளியோடு வரிசைக் கடைசியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இலையில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். அதை மீதி வைத்துவிட்டு எழ எனக்கு மனம் வரவில்லை. கை கழுவ வீட்டுப் பக்கவாட்டில் போனபோது, பின்புறம் சமைத்த பெண்களும் குழந்தைகளும் சாப்பிட உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். சோற்றுக் கூடை காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. அவர்கள் சோள ரொட்டியைப் பிய்த்து, நான் புளி தூக்கல் என்று சொன்ன அந்த ரசத்தில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கிளம்பும்போது மகன் எங்களோடு சந்து முனை வரை கூட நடந்து வந்தான். அங்கே நண்பன் நின்று, "எங்களை மன்னிச்சுக்கணும். நாங்க வந்து..." என்று ஆரம்பித்தான்.

"ஆபீஸ் ஆளு இல்லன்னு எனக்குத் தெரியும்யா" என்றான் அவன். "ரசத்தச் சொன்னீகளே, அப்பவே தெரிஞ்சுபோச்சு. சாப்பாட்டுக் கடைன்னு நெனச்சு வந்துட்டீக. அந்தக் கடை ரெண்டு சந்து தள்ளி இருக்கு."

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை?" என்று நான் கேட்டேன்.

"சோத்துல கை வச்சவுகள எப்படிய்யா எந்திரிங்கன்னு சொல்ல?"

"உங்க தலையைப் பத்தி நான் கேட்டது..." என்று தொடங்கினேன். அவன் தன் தலையை ஒரு தடவை தடவிக்கொண்டான். "தெரியாமக் கேட்டதுதானய்யா" என்றான். ஆனால் அதைச் சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை.

பிறகு, "ஒண்ணு மட்டும் கேக்கேன். இந்தப் பக்கம் யாராவது விசாரிச்சா, ஆபீஸ்ல இருந்துதான் வந்தோம்னு சொல்லிருங்க. எங்கம்மா இன்னைக்குத்தான் தலை நிமிந்து பேசியிருக்கு" என்று சொல்லிவிட்டு, எங்கள் பதிலுக்குக் காத்திராமல் திரும்பி நடந்தான். வீட்டில் அவனுக்கு வேலை இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் மெஸ் வராந்தாவில், "இன்னைக்கு எந்தத் தெரு சார்?" என்று கேட்டார்கள். தலைவலி என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து நண்பன் சொன்னான்: "ஒரு தடவை போய்ட்டு வந்துடலாம்டா. மெஸ்ஸில கேட்டு வாங்கி நம்ம பங்கு ரேஷன் அரிசியாவது கொண்டுபோய்க் கொடுத்துட்டு வரலாம்." எனக்கு அந்த முகங்களைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். கடைசியில் அவன் தனியாகவே ஒரு பை அரிசியோடு போய்வந்தான். அந்த அம்மாள், "இன்னொரு தம்பி வரலியா?" என்று விசாரித்தாளாம். ஊருக்குப் போயிருக்கிறான் என்று இவன் சொன்னானாம். எனக்காக அவனும் ஒரு பொய் சொல்ல வேண்டியதாயிற்று. அவன் அரிசி கொண்டுபோனான், நான் அதுகூடச் செய்யவில்லை. அன்று பந்தியில் நடந்ததைவிட, பிற்பாடு போகாமல் இருந்ததுதான் என்னை அதிகமாக உறுத்துகிறது.

எங்கள் ஆபீஸிலும் காக்கிக் கோட்டும் டவாலியும் போட்ட ஒரு பெரியவர் இருந்தார். இரண்டு வருஷமாக எனக்குத் தினமும் தண்ணீர் கொண்டுவந்து வைப்பவர். அவருக்கு எந்த ஊர், எங்கே குடியிருக்கிறார் என்று அதற்குப் பிறகுதான் கேட்டேன். ஆண்டாப் ஹில் என்றார். "ஏன் சார், ஏதாச்சும் தப்பு நடந்துபோச்சா?" என்று பயந்துபோய்க் கேட்டார். நான் கேட்டதில் அவருக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன், பயம்தான் வந்தது.

அந்த அம்மாளிடம் நான் சொன்ன பொய் சரியா தப்பா என்று எனக்கு இன்னும் முடிவு தெரியவில்லை. ஆனால் இத்தனை வருஷம் கழித்தும், எந்த ஊரில் எந்த இலையின் முன்னால் உட்கார்ந்தாலும், பரிமாறுகிறவரின் முகத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்க்காமல் என்னால் சோற்றில் கை வைக்க முடிவதில்லை.