அபிஷேக நீர் பாய்ந்த பாத்தி

கேளம்பாக்கத்து மொட்டை மாடியில், தொட்டியில் வளர்த்த உருளைக்கிழங்குச் செடியை இன்று பிடுங்கினேன். அழுகிய கிழங்கின் நாற்றம் என்னைச் சதுரங்கப்பட்டினத்துக் கொல்லைக்கு இழுத்துச் சென்றது.

அங்கே, என் சிறுவயதில், அப்பாவின் உருளைக்கிழங்குப் பாத்தியும் இவ்வாறே அழுகிற்று. சித்தப்பாதான் பொறாமையால் எதையோ கொட்டினார் என்று அப்பா மண்வெட்டிக் காம்பால் அவரை விளாசினார்.

"அண்ணாத்த, தெனம் அபிசேகத் தண்ணிய நீதானே ஊத்துன! ஈரத்துல அழுகிகீது. என்னை இன்னாத்துக்கு அடிக்கிற?"

"சாமி தீர்த்தம் அழுக வெக்குமாடா, பாவி?"

உதட்டில் குருதி வழிய, சித்தப்பா என் பக்கம் திரும்பினார். "நீயாச்சும் சொல்லு கண்ணு!"

தீர்த்தத்தைப் பழித்தல் பாவமென்று அஞ்சி வாய் மூடினேன். அடுத்த அடியில் அவர் முழங்கை முறிந்தது; அந்தக் கை பிறகு நிமிரவேயில்லை.

இத்தொட்டிக்கும் நாள்தோறும் பதிகம் பாடி அபிஷேக நீரையே ஊற்றிவந்தேன். அழுகிய கிழங்கைக் கையில் ஏந்தியபடி, இல்லாதவரிடம் உரக்கச் சொன்னேன்: "தண்ணிதான், சித்தப்பா."